ஆறு பாய் அறையில் ஒரு சாண்

சீர் லாரி ஒரு தடவைகூடப் பின்னால் போகாமல் வந்து நின்ற பிறகுதான் பெண்ணின் அப்பா யசுகிச்சிக்கு மூச்சு வந்தது. இச்சினோமியாவில் காலையில் கிளம்பியதிலிருந்து அவர் ஓட்டுநருக்குப் பக்கத்தில் முதுகு சாயாமல் உட்கார்ந்து, எதிரே வந்த ஒவ்வொரு வண்டியையும் ஜென்மப் பகையாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே வந்தார்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. சிவப்பும் வெள்ளையுமாகத் திரை கட்டி, கல்யாணச் சீர் ஏற்றிய லாரி பின்னால் போகக்கூடாது. போனால் பெண்ணும் ஒருநாள் அதே மாதிரி பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவாள் என்பார்கள். ஆற்றங்கரை மேட்டு வழியில் ஒரு பால் வண்டி எதிரே வந்தது. இரண்டு வண்டிக்கு அங்கே இடமில்லை. யசுகிச்சி இறங்கி ஓடிப் போய், பணம் வைத்து முடிச்சுப் போட்ட உறையை இரண்டு கையாலும் நீட்டி, இடுப்பு ஒடிய வணங்கினார். பால்காரர் சிரித்துக்கொண்டே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வந்த வழியே கால் மைல் பின்னால் போய் வழிவிட்டார். நல்ல மனிதர்.

"பார்த்தீங்களா முதலாளி? என் வண்டியில ரிவர்ஸ் கியர்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு மறந்துபோச்சு" என்றார் ஓட்டுநர் இவாசே.

"அந்தப் பேச்சை வாயால எடுக்காதய்யா. முதல்ல இறக்கி முடிக்கட்டும்."

நகோயாவின் கிழக்கு ஓரத்தில் குன்றை வெட்டிச் சமன்படுத்திப் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிகளில் ஒன்று அது. மூன்றாம் மாடி. மாப்பிள்ளை ஷிகெஹாரு டிராம் பணிமனையில் வரைபடம் போடுகிறவன். ஊர் கியூஷு, தாய் தகப்பன் கல்யாணத்தன்றுதான் ரயிலேறி வருவார்கள். மாமியார் வீடு என்று ஒன்று இல்லாததால் பெண் கயோவே முன்கூட்டி வந்து, மாடியில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தாள். சம்பிரதாயப்படி அவள் அங்கே இருக்கக்கூடாது. இந்தக் காலத்துப் பெண்ணிடம் இதையெல்லாம் யார் சொல்வது?

லாரியின் பின்புறம் திரையை விலக்கிக்கொண்டு யசுகிச்சியின் தங்கை ஹிசனோ குதித்தாள். ஐம்பதை நெருங்குகிறவள் குதிக்கிற குதி அல்ல அது. அவளும் வந்திருக்கக்கூடாதுதான். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டவள் சீர் லாரியில் ஏறுவதா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். "கிமோனோ மடிக்க அத்தையை விட்டா யாரு இருக்கா? அத்தை வரலைன்னா சீரும் வேணாம்" என்று கயோ ஒரே பிடியாக நின்றாள். கடைசியில், முன்னால் உட்கார வேண்டாம், பின்னால் பீரோக்களோடு உட்காரட்டும் என்று முடிவானது. ஹிசனோ அதற்கும் வருத்தப்படவில்லை. வழியெல்லாம் உள்ளே அவள் பாடிக்கொண்டு வந்தது முன்னால் கேட்டது.

சீர் என்றால் மூன்று பீரோ. ஒன்று கோட்டு, கவுன் மாட்ட, ஒன்று அன்றாடத் துணிக்கு, மூன்றாவது கிமோனோவுக்கு. மூன்றும் வரிசையாக, ஒரே சுவரில், ஒட்டி நிற்கவேண்டும். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்து வாயைப் பிளக்கவேண்டும். நிச்சயதார்த்தத்தன்று யசுகிச்சி மாப்பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பெரிய ரூமு எத்தனை பாய்?"

"ஆறு பாய் மாமா. பக்கத்துல ஒரு மூணு பாய், அப்புறம் சமையலறை."

அவருக்கு அது போதும். எங்கள் பக்கம் நிலத்தை ட்சுபோ கணக்கில் சொல்வார்கள், இரண்டு பாய் விரித்தால் ஒரு ட்சுபோ. அறையை மட்டும் பாய்க்கணக்கிலேயே சொல்வார்கள். தரையில் பதித்த கனத்த பாய் எத்தனையோ அத்தனைதான் அறை. ஆறு பாய் என்றால் நீளச் சுவரில் இரண்டு பாய் தலையும் காலுமாகப் படுத்திருக்கும். பாய்க்கு ஆறடி, சுவருக்குப் பன்னிரண்டடி. யசுகிச்சி பிறந்தது, தறி போட்டது, பிள்ளை பெற்றது எல்லாம் ஆறு பாய் அறையில்தான். நேரே தச்சரிடம் போய், நாலடி அகலத்தில் மூன்று பீரோ சொல்லிவிட்டார். "நடுவுல ஊசி நுழையக்கூடாது" என்று வேறு சொன்னார். ஊசி நுழையாதபடியே தச்சர் செய்து கொடுத்தார்.

கூட வந்திருந்த இரண்டு சுமையாட்கள் முதல் பீரோவைக் கயிறு கட்டி வராந்தா வழியாக ஏற்றினார்கள். யசுகிச்சி மாடிப்படி ஏறி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அறைக்குள் நடந்தார். நாலு எட்டு வைப்பதற்குள் காலில் ஏதோ உறுத்தியது. குனிந்து பார்த்தால், பாயின் துணி விளிம்பை மிதித்துக்கொண்டு நிற்கிறார்.

விளிம்பை மிதிக்காதே என்று சொல்லித்தான் எங்கள் பிள்ளைகளுக்கு நடையே பழக்குவார்கள். யசுகிச்சி கண்ணைக் கட்டிவிட்டாலும் மிதிக்கமாட்டார். ஐம்பத்தாறு வயதுக் கால் அது. மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி நடந்தார். மறுபடி மிதித்தார். திரும்பி நடந்தபோது மூன்றாம் முறையும் மிதித்தார்.

"காலுக்கு என்னப்பா?" என்றாள் கயோ.

"ஒண்ணுமில்ல. லாரியில உட்கார்ந்து வந்தேன்ல, மரத்துப்போச்சு."

அவள் அந்தப் பக்கம் போனதும் யசுகிச்சி ஒரு காரியம் செய்தார். சட்டென்று பாயில் மல்லாந்து படுத்தார். வீட்டில் படுத்தால் தலைமாட்டில் நாலு விரல், கால்மாட்டில் நாலு விரல் பாய் மிச்சமிருக்கும். இங்கே குதிகால் ஒரு விளிம்பில் இடித்தது, உச்சிமுடி மறு விளிம்பில் உரசியது. அறை ஆறு பாய்தான், எண்ணிப் பார்த்தார், சரியாக ஆறு. கட்டினவர்கள் வீட்டைச் சுருக்கியபோது பாயையும் சேர்த்துச் சுருக்கியிருக்கிறார்கள். எண்ணிக்கையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

படுத்த வாக்கிலேயே கணக்குப் போட்டார். இரண்டு பாய்க்குமாகச் சேர்த்து ஒரு சாண் குறைகிறது. ஊசி நுழையக்கூடாது என்று செய்த பீரோ வரிசைக்கு ஒரு சாண் என்பது ஊரளவு.

"முதலாளி தூங்கறாரா?" என்று கேட்டபடி சுமையாட்கள் இரண்டாவது பீரோவைக் கொண்டுவந்து முதலாவதை ஒட்டி வைத்தார்கள். மிச்சமிருந்த இடத்தை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு வராந்தாவுக்கு வெளியே கயிற்றில் ஆடிக்கொண்டிருந்த மூன்றாவது பீரோவைப் பார்த்தார்கள்.

பார்த்ததை வாய்விட்டுச் சொல்ல முடியாது, அதுதான் சங்கடம். கல்யாண வீட்டில் சில வார்த்தைகள் ஆகாது. குறைகிறது என்று சொல்லக்கூடாது. திரும்ப என்று சொல்லக்கூடாது. வெட்டு, பிரி, அறு எதுவும் கூடாது. இந்த வார்த்தைகள் இல்லாமல் அந்த நிமிஷத்தில் பேசுவதற்கு ஒன்றுமே இல்லை.

"ரூமு கொஞ்சம்... அடக்கமா இருக்கு" என்றார் யசுகிச்சி.

"ஆமா முதலாளி, ரொம்ப அடக்கம்" என்றார் இவாசே.

"இந்தப் பக்கச் சுவர்ல வெச்சா?"

"அது கண்ணாடிக் கதவு முதலாளி. அந்தப் பக்கம் வழி. இந்தப் பக்கம் சுவர் அலமாரி. பீரோ நிக்கற சுவர்னு பார்த்தா இது ஒண்ணுதான்."

மூன்றாவது பீரோவை உள்ளே இறக்கிவைத்தார்கள். அறை நடுவில், பாய்மேல், வழியை அடைத்துக்கொண்டு நின்றது. தச்சர் பூவரைந்த இரும்புப் பிடி போட்டு, மழமழவென்று இழைத்துக் கொடுத்த வெள்ளை மரம். கயோ அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். கதவோரம் நின்ற ஷிகெஹாருவின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. ஆறு பாய் என்று சொன்னவன் அவன்தானே. ஒன்றும் சொல்லாமல் பக்கத்து மூன்று பாய் அறைக்குள் போய்விட்டான். தப்பித்துப் போகிறான் பார் என்று யசுகிச்சிக்கு ஆத்திரமாக வந்தது.

பீரோவைத் திரும்ப ஏற்றி ஊருக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். சிவப்பு வெள்ளைத் திரை போட்ட லாரி, ஏற்றிய சீரோடு இச்சினோமியாவுக்குள் நுழையும். தெருவே பார்க்கும். மூன்றில் ஒன்று வந்துவிட்டது என்பார்கள். மற்றதும் வரும் என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார்கள். தன் மகள் திரும்பி வந்துவிடுவாளோ என்ற பயம்தான் அவரை அன்று காலையிலிருந்து, இல்லை, அவள் பிறந்த நாளிலிருந்து ஆட்டிவைத்தது.

"அண்ணே, உன் வாயில என்ன அடைச்சிருக்கு?" என்றாள் ஹிசனோ. கையைத் துடைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். "நான் சொல்றேன். இடம் பத்தல. குறையுது."

"ஹிசனோ!"

"குறையுதுன்னா குறையுதுதான். ஒண்ணு, இதைத் திருப்பி அனுப்பணும். இல்ல, வெட்டணும். இல்ல, பிரிக்கணும். போதுமா? இன்னும் ஏதாவது விட்டுப்போச்சா?"

"முறியறது, அறுந்து போறது..." என்று இவாசே ஆரம்பித்தார்.

"நீ வேற ஏன்யா!" என்று யசுகிச்சி கத்தினார்.

ஹிசனோ அண்ணாந்து பார்த்தாள். "கூரை அப்படியேதான் இருக்கு. கான்கிரீட் நல்ல கெட்டி." கயோ வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "கிமோனோ பீரோ ரெண்டு பெட்டிண்ணே. ஒண்ணுமேல ஒண்ணு உட்கார்ந்திருக்கு, அவ்வளவுதான். கீழ்ப் பெட்டி சுவர் அலமாரிக்குள்ள போகட்டும். மேல் பெட்டியை வேற எங்கயாவது வெச்சுக்கலாம். பிரிச்சாப் போச்சு."

"கல்யாணத்துக்கு முன்னாலயே பிரிக்கறதா? உனக்கு எல்லாம் விளையாட்டு!" யசுகிச்சியின் குரல் உடைந்தது. "அன்னிக்கு மழையில பாலத்துக்கிட்ட என்ன ஆச்சு? மரம் ஏத்தின வண்டி எதிர்ல வந்துச்சு. உன் சீர் லாரி பத்தடி பின்னால போச்சு. டிரைவர் என்னைத்தான் பார்த்தான். நான்தான் சரின்னு தலையாட்டினேன். பத்தடி. ரெண்டாவது குளிர்காலம் முடியறதுக்குள்ள நீ வந்து வாசல்ல நின்னே."

பக்கத்து அறையில் ஏதோ கரகரவென்று இழுபட்டது.

ஹிசனோ அண்ணன் பக்கம் ஓர் எட்டு வைத்தாள். "அடப்பாவி மனுஷா" என்றாள் மெதுவாக. "இதையா இத்தனை வருஷமா வயித்துல கட்டிக்கிட்டுத் திரியறே? என்கிட்ட ஒரு தடவை கேட்டிருக்கக்கூடாது?"

"எப்படிக் கேக்கறது?"

"அந்த வீட்டுல பெரிய ரூமு எட்டு பாய். அவங்கம்மா ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம், வர்ற விருந்தாளிக்குன்னு எப்பவும் காலியா ஒரு பக்கம். நான் சமையல்கட்டு மரப்பலகையில உட்கார்ந்து சாப்பிட்டேன். குளிர்ல கால் விறைச்சுப் போகும். எட்டு பாய்ல எனக்கு உட்கார அரைப் பாய் கிடையாது, புரியுதா? உன் லாரி நேரா போயி அவங்க கொல்லைச் சுவரை இடிச்சுக்கிட்டுக் கடல் வரைக்கும் போயிருந்தாலும் நான் வந்திருப்பேன். பத்தடியாம், பத்தடி!"

யசுகிச்சி வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"நான் வந்து நின்னப்ப நீ என்ன கேட்டே, ஞாபகம் இருக்கா? ஏன் வந்தே, என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை இல்ல. 'சாப்பிட்டியா'ன்னு கேட்டே. தறியை நிறுத்திட்டு வந்து எனக்கு இடம் ஒதுக்கிக் குடுத்தே. எனக்கு அதுதான் ஞாபகம். மழையும் இல்ல, லாரியும் இல்ல."

அவர் தொப்பென்று பாயில் உட்கார்ந்தார். விளிம்பின்மேல் உட்கார்ந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அழுகை வந்தது, ஓட்டுநர் முன்னால், சுமையாட்கள் முன்னால், வெட்கமில்லாமல் அழுதார். அப்படி ஒரு நிம்மதி.

"அழுதது போதும். அங்க பாரு, உன் மாப்ள என்ன பண்றாருன்னு" என்றாள் ஹிசனோ.

ஷிகெஹாரு தப்பித்து ஓடவில்லை. மூன்று பாய் அறையிலிருந்து தன் வரைபட மேஜையை ஒற்றை ஆளாக இழுத்துவந்து, வாசற்படியில் சிக்கவைத்துக்கொண்டு, வியர்வை வழிய நின்றான். அவனுக்குப் பின்னால் ஜன்னலடி துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது.

"அத்தை, மேல் பெட்டியை அந்த ஜன்னலுக்குக் கீழ வெச்சுடலாம். நல்ல வெளிச்சம். மேஜை சமையலறைக்குப் போகட்டும்" என்றான் மூச்சிரைக்க.

"உனக்குன்னு இருந்ததே அந்த மூணு பாய்தானேப்பா?" என்றார் யசுகிச்சி.

"எனக்கெதுக்கு மாமா மூணு பாய்? சோறு வேகற நேரத்துல அங்கயே உட்கார்ந்து ரெண்டு கோடு போட்டுட்டுப் போறேன்." பிறகு குனிந்து நன்றாக வணங்கினான். "ஆறு பாய்னு எழுதியிருந்துச்சு. நான் அளந்து பார்க்கல. தப்பு என்னுதுதான்."

"அளக்கறதாவது! பாயை எவனாவது அளப்பானா? அளக்காம பன்னெண்டடி சொன்னவன் நான்" என்றார் யசுகிச்சி.

"இவ்வளவு பெரிய மேஜையை ஏன் தனியா இழுக்கறீங்க? என்னைக் கூப்பிடக்கூடாதா?" என்று கயோ மறுபக்கம் போய்ப் பிடித்தாள். இரண்டு பேரும் மேஜையைச் சாய்த்து, நிமிர்த்தி, ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டு வெளியே எடுத்தார்கள். ஹிசனோ அண்ணனின் காதருகே குனிந்தாள். "இடம் குடுக்கத் தெரிஞ்சவன். நம்ம பொண்ணு வரமாட்டாண்ணே. வந்தா, புருஷனோட விருந்துக்கு வருவா."

கிமோனோ பீரோவைப் பிரித்தது யசுகிச்சிதான். யாரையும் தொடவிடவில்லை. மேல் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். ஒன்றும் முறியவில்லை, ஒன்றும் அறுந்துபோகவில்லை, புது மரத்தின் வாசனை மட்டும் குப்பென்று எழும்பியது. கீழ்ப் பெட்டி சுவர் அலமாரிக்குள் தனக்காகவே செய்த இடம்போல நுழைந்தது. மேல் பெட்டி ஜன்னலடியில் உட்கார்ந்ததும் கயோ அதன்மேல் தன் கண்ணாடியை வைத்துப் பார்த்து, வீட்டிலேயே இதுதான் நல்ல இடம் என்றாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். இவ்வளவு பெரிய பீரோவை இந்த வீட்டுக்குள் எப்படி அடக்கினீர்கள் என்று வாயைப் பிளக்கவும் செய்தார்கள்.

விசேஷத்துக்கென்று பயறு போட்டுச் சமைத்த சிவப்புச் சோற்றைச் சாப்பாட்டுப் பெட்டிகளிலிருந்து எடுத்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆறு சின்னப் பாயில் ஏழு பேர். முழங்காலோடு முழங்கால் இடித்தது. ஷிகெஹாரு உட்காருவதற்கு முதல் மெத்தையை எடுத்து ஹிசனோவுக்குப் போட்டதை யசுகிச்சி பார்த்துக்கொண்டார். பசியே தெரியாமலிருந்த மனிதர் இரண்டு பெட்டிச் சோறு தின்றார்.

கீழே இறங்கியபோது இன்னொரு வேடிக்கை காத்திருந்தது. அடுக்குமாடிக்கு வந்த வழி முட்டுச்சந்து. முன்னால் கான்கிரீட் மதில், இரண்டு பக்கமும் சைக்கிள் கொட்டகை. திரையை அவிழ்த்து மடித்தாகிவிட்டது, லாரி காலி. இருந்தாலும் இவாசே சாவியைத் திருகாமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தவித்தார்.

"முதலாளி, வண்டியைத் திருப்ப இடமில்ல. வெளிய போகணும்னா... அது வந்து..."

யசுகிச்சி மாடியைப் பார்த்தார். வராந்தாவில் மகளும் மருமகனும் ஒட்டி நின்று கையாட்டினார்கள். ஹிசனோ இந்தத் தடவை முன் சீட்டில் ஏறி, கதவைப் படாரென்று சாத்தி, வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

யசுகிச்சி லாரிக்குப் பின்னால் போய் நின்றார். தோளை நிமிர்த்தினார். குடியிருப்பில் மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி, தறிச் சத்தத்தில் கத்திப் பழகிய தொண்டையால் கத்தினார்.

"பின்னால வா! வா வா வா... இன்னும் பின்னால வா! பயப்படாம வாய்யா, இடம் தாராளமா இருக்கு!"